மீன் ஆந்தை: குளத்தை அண்டி வாழும் பெரும் பறவை

கமக்காரர் தம் வயலையும் தோட்டத்தையும் நாடிவரும் உயிர்களைப் பகை என்றும் துணை என்றும் இருவகையாகப் பகுத்துக் காண்பது வழக்கம். கதிரை அறுக்கும் எலி பகை. எலியை விழுங்கும் சாரைப்பாம்பு துணை. தத்துவெட்டியும் தண்டுதுளைப்பானும் பகை. அவற்றை உண்ணும் சிலந்தியும் தும்பியும் துணை. இவ்வாறு பகுக்கும்போது ஒரு பறவை மட்டும் எவ்விதக் குற்றமும் செய்யாமலே பகையின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. அதுவே ஆந்தை. அது பயிரைத் தின்பதில்லை, விதையைப் பொறுக்குவதில்லை, காயைக் கொத்துவதில்லை. எனினும் அதன் குரல் கேட்ட மாத்திரத்தில் கல்லெடுப்போர் நம்மிடையே பலர்.

மன்னார் மாவட்டத்திலே, மாந்தை மேற்குப் பிரிவின் வடபுறத்தில், மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் வீதியில் வெள்ளாங்குளம் அமைந்துள்ளது. ஒருபுறம் கடலும் கண்டற் காடும், மறுபுறம் குளங்களும் வயல்களும் வன்னிக் காடும் சூழ்ந்த இந்நிலப்பரப்பு, மீன் ஆந்தை எனப்படும் பெரிய ஆந்தை வாழ்வதற்கு மிகவும் ஏற்றது. இப்பறவையின் தோற்றம், வாழிடம், பழக்கவழக்கம் ஆகியவற்றையும், அது தங்கும் முதிர்ந்த மரங்களைக் காப்பது கமக்காரருக்கே ஏன் நலமாகும் என்பதையும் எடுத்துரைப்பதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பெயர்

தமிழ்நாட்டுப் பறவை நூல்களில் இது பூமன் ஆந்தை எனப்படும். மீன் பிடித்துண்ணும் இயல்பு பற்றி மீன் ஆந்தை என்பதே எளிதில் விளங்கும் பெயராதலின், அப்பெயரையே ஈண்டு கையாள்வோம்.

இதன் அறிவியற் பெயர் கெற்றுப்பா சைலோனென்சிஸ் என்பதாகும். இரண்டாஞ் சொல் இலங்கையைக் குறிப்பது. 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சியின் தேசாதிபதியாக இருந்த யோவான் கிதியோன் லோட்டன் என்பவர், டி பெவெரே என்னும் ஓவியரைக் கொண்டு இந்நாட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். அவ்வோவியங்களுள் இவ்வாந்தையின் படமும் ஒன்று. அதன் படியைக் கொண்டு 1776 இல் பீற்றர் பிறவுண் என்னும் ஆங்கிலேயர் இதனை வெளியிட்டார்; 1788 இல் கிமெலின் என்னும் செருமானிய அறிஞர் இப்பறவைக்கு அறிவியற் பெயரிட்டார். துருக்கி, ஈரான் முதல் இந்தியா ஊடாகத் தென்கிழக்காசியா வரை பரந்து வாழும் இப்பறவை, உலகெங்கும் இலங்கையின் பெயராலேயே அறியப்படுகின்றது. இவ்வினத்தின் இலங்கை வகை வேறெங்கும் இல்லை. இந்தியாவிலுள்ள வகையை நோக்க, அது சிறிது குறுகிய உடலும் கருமை மிகுந்த நிறமும் உடையது.

தோற்றம்

இவ்வினத்துப் பறவைகள் தலை முதல் வால் நுனி வரை 48 முதல் 61 சதமமீற்றர் நீளமுடையன; அதாவது ஏறத்தாழ ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை. நிறை ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேலாகத் தொடங்கி இரண்டரைக் கிலோகிராம் வரை செல்லும். இலங்கை வகை சிறியதாதலின், நம் குளக்கரையில் காண்பவை பெரும்பாலும் இவ்வளவின் கீழ்ப்பகுதியைச் சார்ந்தவை. சிறகை விரித்தால் நான்கு அடிக்கு மேல் அகலும். ஆணும் பெண்ணும் நிறத்தில் ஒத்திருக்கும்.

முதுகுப்புறம் செம்மை கலந்த கபிலநிறம். அதன்மேல் கருங்கோடுகள் தடிப்பாக ஓடும். மார்பும் வயிறும் வெளிறிய மண்ணிறம். அதன்மேல் நெடுக்காகக் கருங்கோடுகளும் குறுக்காக மெல்லிய அலைக்கோடுகளும் உண்டு. தொண்டையில் வெண்ணிறத் திட்டொன்று உளது. குரலெழுப்பும்போது அத்திட்டுப் புடைத்து, மங்கிய ஒளியிலும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். கண்கள் பொன்மஞ்சள் நிறமானவை.

தலையின் இருபுறத்திலும் கொம்புபோல நிமிர்ந்து நிற்பவை கொம்புகளும் அல்ல, செவிகளும் அல்ல. அவை இறகுக் கற்றைகளே. பறவையின் உண்மையான செவித்துளைகள் தலையின் பக்கங்களில் இறகுகளின் கீழ் மறைந்துள்ளன.

இப்பறவையை ஐயமின்றி அறிந்துகொள்ள அதன் கால்களை நோக்குக. பெரும்பாலான ஆந்தைகளுக்குக் கால் முழுவதும் மெல்லிறகு போர்த்திருக்கும். மீன் ஆந்தையின் காலோ இறகின்றி வெறுமையாக இருக்கும். நீரில் நனையும் காலுக்கு இறகுப் போர்வை பாரமாகும் அன்றோ! விரல்களின் அடிப்புறத்தில் முள்போன்ற கரடுமுரடான செதில்கள் உண்டு. நகங்கள் நீண்டு வளைந்தவை. வழுக்கும் மீனையும் நண்டையும் நழுவவிடாது பற்றுதற்கு இவை உதவுகின்றன.

ஏனைய ஆந்தைகளினின்றும் வேறுபாடு

நம் பகுதியில் ஆந்தை என்ற ஒரே பெயரால் பலவற்றைச் சுட்டுகிறோம். இவற்றை வேறுபடுத்தி அறிதல் நன்று.

கூகை: ஊரவர் சிலர் சாக்குருவி என அழைப்பது. நெஞ்சு வடிவான வெண்ணிற முகமும் கரிய கண்களும் உடையது. இறகுக் கொம்பு இல்லை. பழைய கட்டடங்களிலும் மரப்பொந்துகளிலும் தங்கும். எலியே இதன் முதன்மையான உணவு. உருவில் மீன் ஆந்தையிலும் மிகச் சிறியது.

நத்து: ஒரு சாண் உயரமே உள்ள சிற்றாந்தை. இறகுக் கொம்பு இருப்பினும் உருவின் சிறுமையால் எளிதில் அறியலாம். பெரும்பாலும் பூச்சிகளையே உண்பது.

காட்டுப் பேராந்தை: மீன் ஆந்தைக்கு நிகராகவோ அதனினும் பெரிதாகவோ வளர்வது. கண்கள் கரியவை, கால்கள் இறகு போர்த்தவை, மார்பில் கோடுகளுக்குப் பதிலாகப் புள்ளிகள் இருக்கும். அடர்ந்த காட்டில் வாழ்வது. சிங்கள மக்கள் உலமா என்று அஞ்சும் பறவையின் அலறல் இதனுடையதே எனப் பலர் கருதுகின்றனர்.

மஞ்சட் கண், இறகில்லாக் கால், நீர்நிலை அண்டிய இருப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்திருப்பின் அது மீன் ஆந்தையே எனத் துணியலாம்.

வாழிடம்

இப்பறவைக்கு வேண்டுவன இரண்டே: ஒன்று ஆண்டு முழுவதும் இரை கிடைக்கும் நீர், மற்றது பகற்பொழுதில் மறைந்திருக்கவும் கூடு கொள்ளவும் உதவும் முதிர்ந்த பெருமரம். இவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்த இடம் எதுவாயினும் அது அங்கே வாழும். குளம், ஆறு, பாசன வாய்க்கால், கடலோரக் களப்பு, கண்டற் காடு ஆகிய யாவும் அதற்கு ஏற்றவையே. இலங்கையின் தாழ்நிலத்தில் மட்டுமன்றி மலைநாட்டு நீரோடைகளிலும் இது உண்டு. எனினும் குளங்கள் நிறைந்த உலர் வலயமே இதன் சிறந்த வாழிடமாகும்.

மன்னார்ப் பெருநிலப் பகுதியில் இத்தகைய இடங்கள் பல. தெற்கே அருவியாற்றினால் நீர் பெறும் கட்டுக்கரைக்குளம் 1954 ஆம் ஆண்டிலேயே சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. வடக்கே பறங்கியாறும் பாலியாறும் காட்டினூடாக ஓடிவந்து கடலைச் சேர்கின்றன. விடத்தல்தீவை அண்டிய கண்டற் காடும் ஆழமற்ற கடலும் 2016 ஆம் ஆண்டில் இயற்கை ஒதுக்கமாக்கப்பட்டன. இவற்றிற்கு இடையே உள்ள சிறு குளங்களே ஊர் மக்களின் வாழ்வுக்கும் இத்தகைய பறவைகளின் வாழ்வுக்கும் பொதுவான ஆதாரமாக உள்ளன.

முன்னோர் குளம் அமைத்தபோது கட்டு, துருசு, வான் ஆகியவற்றோடு நின்றுவிடவில்லை. குளத்தின் மேல் எல்லையில், வெள்ளக் காலத்தில் மட்டும் நீர் நிற்கும் நிலத்தில், மருது முதலிய பெருமரங்கள் கொண்ட சோலையை விட்டுவைத்தனர். கட்டுக்குக் கீழே, வயல் தொடங்குமுன், மற்றுமொரு ஈரநில மரத்தொகுதியை விட்டுவைத்தனர். சிங்களக் கமக்காரர் முன்னதைக் கஸ்கொம்மன என்றும் பின்னதைக் கட்டகடுவ என்றும் அழைப்பர். மேற்சோலை காற்றைத் தடுத்துக் குளத்து நீர் ஆவியாவதைக் குறைக்கின்றது. கீழ்த்தொகுதி, கட்டினூடே கசியும் நீரிலுள்ள உப்பையும் இரும்புத் தாதையும் வயலை அடையுமுன் மட்டுப்படுத்துகின்றது. தொடராக அமைந்த இக்குள முறைமையை 2017 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மீன் ஆந்தை பகலில் உறங்குவதும் கூடு கொள்வதும் பெரும்பாலும் இத்தகைய மரங்களிலேயே. ஆகலின் அப்பறவையின் இருப்பிடமும் வயலுக்கு நீர் காக்கும் சோலையும் ஒன்றே என அறிக.

இரை தேடும் முறை

பகல் முழுவதும் மருது, ஆல், புளி போன்ற மரங்களின் அடர்ந்த கிளையில் உடலை நிமிர்த்தி அசையாதிருக்கும். காகங்கள் கண்டுவிட்டால் கூடிக் கரைந்து துரத்தும். காகக் கூட்டம் ஒரு மரத்தைச் சுற்றி நெடுநேரம் ஆரவாரித்தால், அம்மரத்தில் ஆந்தை இருத்தல் கூடும். ஏனைய ஆந்தைகளைப் போன்று முழு இருளை எதிர்பாராது, கதிரவன் மறையுமுன்னரே மரத்தை விட்டு நீங்குவதும் உண்டு. மேகம் கவிந்த நாளில் பகலிலேயே இரை தேடுவதும் உண்டு.

நீரை நோக்கிச் சாய்ந்த கிளை, பாறை, நடுகட்டை, துருசின் மேற்பகுதி ஆகியவற்றில் அமர்ந்து நீர்ப்பரப்பைக் கூர்ந்து நோக்கும். மீன் மேலெழுந்த கணத்தில் தாழப் பறந்து காலால் பற்றித் தூக்கும். மீன்கொத்தியைப் போன்று உடல் முழுவதும் நீரில் மூழ்குவதில்லை. ஆழமற்ற கரையோரத்தில் இறங்கி நடந்து தவளையையும் நண்டையும் பிடிக்கும். நீராடுவதிலும் இதற்கு விருப்பம் மிகுதி.

ஏனைய ஆந்தைகளின் சிறகோரத்தில் மெல்லிய மயிர்போன்ற விளிம்பு உண்டு. அது பறக்கும் ஓசையை அடக்கும். எலியின் செவிக்கு எட்டாது அணுகுவதற்கு அது தேவை. நீருக்குள் இருக்கும் மீனுக்குச் சிறகோசை கேட்பதில்லை. ஆகவே மீன் ஆந்தைக்கு அவ்விளிம்பு இல்லை; அது பறக்கும்போது சிறகோசை நம் செவிக்குக் கேட்கும்.

உணவில் மீன், தவளை, நண்டு ஆகிய மூன்றும் முதன்மை பெறும். இவற்றோடு எலி, ஊர்வன, சிறு பறவை, பெரிய வண்டு ஆகியவற்றையும் உண்ணும். இறந்த விலங்கின் ஊனை உண்டதும் காணப்பட்டுள்ளது. செரியாத ஓடு, எலும்பு, செதில் ஆகியவற்றை உருண்டையாக்கிக் கக்கிவிடும். தங்கும் மரத்தின் கீழே கிடக்கும் அவ்வுருண்டையை ஒரு குச்சியால் உடைத்துப் பார்த்தால், அப்பறவை முன்னிரவு எதனை உண்டது என்பதை எவரும் அறியலாம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது நல்ல பாடமாகும்.

குரலும் அச்சமும்

மீன் ஆந்தையின் குரல் ஆழ்ந்தது. வெற்றுக் குடத்தினுள் ஊதினாற்போல "ஹூப், ஹூப், ஹூ" என ஒலிக்கும். அமைதியான இரவில் நெடுந்தூரம் கேட்கும். ஆணும் பெண்ணும் ஒன்றன்பின் ஒன்றாகக் குரலெழுப்புதல் இயல்பு. தம் இடத்திற்கு உரிமை கூறுவதும் இணையை அழைப்பதுமே இக்குரலின் பொருள்.

ஆந்தை அலறினால் வீட்டில் சாவு நேரும் என்னும் எண்ணம் நம் நாட்டில் மட்டுமன்றி உலகின் பல பாகங்களிலும் உண்டு. இவ்வெண்ணம் எவ்வாறு தோன்றியிருக்கும் என ஆராய்ந்தால் அச்சம் நீங்கும். ஆந்தை ஆண்டு முழுவதும் அலறிக்கொண்டேயிருக்கின்றது. நாள் முழுதும் வேலை செய்து அயர்ந்துறங்கும் வீட்டார் அதனைக் கேட்பதில்லை. கடும் நோயாளி உள்ள வீட்டிலோ இரவெல்லாம் விளக்கெரியும், வீட்டார் விழித்திருப்பர், ஒவ்வோர் ஒலியும் செவியில் விழும். நோயாளி இறந்தபின் அன்றிரவு கேட்ட குரல் நினைவில் நிற்கும்; நோயாளி பிழைத்தெழுந்தாலோ அக்குரல் மறந்துபோகும். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த நினைவே நம்பிக்கையாயிற்று. பறவை சாவை அறிவதுமில்லை; அழைப்பதுமில்லை.

இனப்பெருக்கம்

இலங்கையில் இப்பறவை பெரும்பாலும் ஆண்டின் முற்பகுதி மாதங்களில் முட்டையிடும். மரப்பொந்து, கவர்க்கிளையின் பள்ளம், பாறை இடுக்கு, கழுகு போன்ற பெரும் பறவைகள் கைவிட்ட கூடு ஆகியவற்றையே பயன்படுத்தும். தானே கூடு கட்டுவதில்லை. இடுவது ஒரு முட்டை அல்லது இரண்டு. குஞ்சு வெளிவர ஏறத்தாழ ஐந்து வாரமும், குஞ்சு பறக்கத் தொடங்க மேலும் ஏழு வாரமும் செல்லும்.

கமக்காரர் இரண்டு செய்திகளை இங்கே கருத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது: ஆண்டுக்கு ஒன்றிரண்டு குஞ்சே தோன்றுமாதலின், ஒரு சோடி அழிந்தால் அவ்விடம் நிரம்ப நெடுங்காலம் ஆகும். இரண்டாவது: குஞ்சு கூட்டில் இருக்கும் காலம் காலபோக அறுவடை நடைபெறும் காலத்தோடும், அதன்பின் நிலம் துப்புரவாக்கி எரியூட்டும் காலத்தோடும் ஒத்துவருகின்றது. அக்காலத்தில் குளக்கரையில் வைக்கும் தீயும் கோடரியும் கூட்டோடு குஞ்சையும் அழித்துவிடும்.

வயலுக்கு விளையும் பயன்

பயனைக் கூறும்போது மிகைபடக் கூறுதல் முறையன்று. எலியை ஒழிக்கும் ஆந்தை எது என்று கேட்டால் கூகை என்றே விடை கூற வேண்டும். மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைக்குக் கூட்டுப்பெட்டி அமைத்துக் கொடுக்கின்றனர். மீன் ஆந்தை எலியை உண்ணுமாயினும் அது அதன் முதல் உணவன்று.

மீன் ஆந்தையால் வயலுக்கு உண்டாகும் நேரான பயன் நண்டு பற்றியது. வயல் நண்டு வரம்பில் வளை தோண்டும். மாலையில் நிறைய நீர் கட்டிய வயல் காலையில் வற்றிக் கிடப்பதும், கீழ் வயலில் நீர் மிதமிஞ்சி நிற்பதும் இவ்வளைகளினாலேயே. இளம் நாற்றையும் நண்டு அறுத்துவிடும். சிறுபோகத்தில் துருசு திறக்கும் ஒவ்வொரு முறையும் நீரை அளந்து பயன்படுத்தும் நம் பகுதியில், ஓரிரவு வீணாகும் நீரும் பெரிய நட்டமே. வாய்க்கால் ஓரத்தில் ஒரு சோடி மீன் ஆந்தை நிலையாகத் தங்குமாயின், அவை இரவுதோறும் கூலியின்றி நண்டு பிடிக்கின்றன. நண்டு முழுவதும் ஒழிந்துவிடும் என்று எவரும் எதிர்பார்த்தல் கூடாது. அதன் பெருக்கத்தை மட்டுப்படுத்தும் துணைகளுள் மீன் ஆந்தையும் ஒன்று என்பதே சரி.

இதனினும் பெரிய பயன் வேறொன்று உண்டு. மீன் ஆந்தை ஒரு குளத்தை விட்டு நீங்கிற்றாயின், அக்குளத்தில் மீனும் நண்டும் தவளையும் குறைந்துவிட்டன, அல்லது கரைமரங்கள் அழிந்துவிட்டன என்பது பொருள். நீர் நஞ்சானதையும் குளம் தூர்ந்ததையும் நாம் உணருமுன் அப்பறவை உணர்ந்துவிடும்.

இப்பறவைக்கு நேரும் கேடுகள்

உலக அளவில் மீன் ஆந்தை அருகிவிட்ட இனமன்று. ஆயினும் நீரும் மரமும் அழிந்த இடத்தில் அது அடியோடு மறைந்துபோனதற்குச் சான்று உண்டு. இஸ்ரேல் நாட்டின் வடபகுதி ஓடைகளில் வாழ்ந்த மீன் ஆந்தைகள், ஓடை நீர் வேறு தேவைகளுக்குத் திருப்பப்பட்டபின் குறைந்து, 1970களுக்குப் பின்னர் காணப்படாதொழிந்தன.

நம் பகுதியின் நிலைமையும் கருதத்தக்கது. 2008 ஆம் ஆண்டில் போரினால் வெள்ளாங்குளம் மக்கள் இடம்பெயர்ந்தனர். பின்னர் மீளக் குடியமர்ந்தோர், பற்றை மண்டிக் கிடந்த வயல்களைத் துப்புரவாக்கியும் வீடு கட்டியும் புதிதாக வாழ்வைத் தொடங்க வேண்டியதாயிற்று. மரமும் நிலமும் அவர்களுக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. எனினும், நூறாண்டு நின்ற மருதமரம் ஒன்று ஒருநாளில் வீழ்ந்தால், அதன் பொந்தில் வாழ்ந்த உயிர்க்கு வேறு பொந்து கிடைக்க இன்னொரு தலைமுறை செல்லும். இளமரத்தில் பொந்து இல்லை.

நஞ்சு இரண்டாவது கேடு. எலிக்கு வைக்கும் நஞ்சுகளுள் குருதியை உறையவிடாது செய்பவை மெதுவாகவே கொல்லும். நஞ்சுண்ட எலி சில நாள் தள்ளாடித் திரியும். அத்தகைய எலியே ஆந்தைக்கு எளிதில் அகப்படும். நஞ்சும் அதனோடு ஆந்தையின் உடலிற் சேரும். நண்டு வளையில் பூச்சிநாசினி ஊற்றுவதும், மருந்து தெளிகருவியை வாய்க்காலில் கழுவுவதும் மீனையும் தவளையையும் கொன்று, அவற்றை உண்ணும் பறவையையும் பாதிக்கும். அந்நீரிலேயே நம் பிள்ளைகள் குளிக்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. குளத்தின் மேற்சோலையிலும் கட்டின் கீழுள்ள ஈரநிலத்திலும் நிற்கும் முதிர்ந்த மரங்களை வெட்டாது விடுக. வெட்டியே ஆகவேண்டுமாயின், பொந்துள்ள மரத்தை விலக்கி ஏனையவற்றை நோக்குக. சனவரி முதல் மே வரையுள்ள மாதங்களைத் தவிர்க்குக.

2. மண்கட்டின் மேல் மரம் நடுதல் கூடாது. மரம் பட்டுப்போனபின் வேர் உக்கி, அவ்வழியே நீர் கசிந்து கட்டு உடைய நேரும். கட்டின் மேல் ஏற்கெனவே நிற்கும் பெருமரத்தைப் பற்றிக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தினதோ நீர்ப்பாசனத் திணைக்களத்தினதோ அறிவுரை பெறுக. புதிய மருதங்கன்றுகளைக் குளத்தின் மேல் எல்லையிலும் ஆற்றோரத்திலும் நடுக.

3. வயல் வரம்பை 30 சதமமீற்றருக்கு மேற்படாத அகலத்தில் அமைக்குக. ஒடுங்கிய வரம்பில் எலி வளை தோண்டுதல் அரிது. வரம்பிலுள்ள புல்லை வெட்டித் துப்புரவாக வைக்குக.

4. அயல் வயல்காரர் யாவரும் இரண்டு வாரத்துக்குள் விதைப்பை முடிக்குக. விதைப்பு முன்பின்னாக நீண்டால் எலிக்கு நெடுநாள் உணவு கிடைத்து, அது பெருகும். இதனைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே கமக்காரர் அமைப்பு முடிவு செய்தல் நன்று.

5. எலிக்குப் பொறி வைத்தலே முதல் வழி. நஞ்சு வைக்க நேர்ந்தால் அதனைத் திறந்த வெளியில் தூவாது மூடிய கூட்டினுள் வைக்குக. நாள்தோறும் காலையில் இறந்த எலிகளைத் தேடியெடுத்து ஆழப் புதைக்குக.

6. வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் ஆங்காங்கே பத்தடி உயரமான கம்பு நட்டு, அதன் தலையில் குறுக்குத் தடியொன்று கட்டுக. இரவில் கூகையும் வாய்க்காலோரத்தில் மீன் ஆந்தையும் அதில் அமர்ந்து இரை நோக்கும்.

7. குளத்தில் வலை கட்டுவோர் பழுதான வலைத்துண்டுகளைக் கரையிலும் மரத்திலும் விட்டுச் செல்லாது எடுத்துச் செல்க. அவற்றில் பறவைகள் சிக்கி இறக்கும்.

8. ஆந்தையைக் கொல்வதும் பிடிப்பதும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும். காயமுற்ற பறவையைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவிக்குக.

கமக்காரர் வழமையாகக் கேட்கும் வினாக்கள்

வினா: ஐயா, இது கோழிக்குஞ்சைத் தூக்கிச் செல்லாதோ?

விடை: பறவைகளையும் சிலவேளை பிடிக்குமாதலின் ஒருபோதும் செல்லாது என்று உறுதி கூற இயலாது. மாலையானதும் கோழியைக் கூட்டில் அடைத்துவிட்டால் அச்சமில்லை. மரநாய்க்கும் கீரிக்கும் அதே காவல் வேண்டுமன்றோ!

வினா: குளத்தில் விட்ட மீன்குஞ்சுகளை இது தின்றுவிட்டால் மீன்பிடிப்போருக்கு நட்டமாகாதா?

விடை: ஒரு குளத்தில் ஒரு சோடி, மிகுந்தால் இரண்டு சோடி வாழும். ஒவ்வொரு சோடியும் தன் எல்லைக்குள் வேறொன்றை விடுவதில்லை. அவை உண்ணும் மீனின் அளவு சிறிது. அவ்வுணவிலும் ஒரு பங்கு தவளையும் நண்டுமே. குளம் வற்றி மீன் அழிவதையும் நஞ்சால் அழிவதையும் நோக்க இது பொருட்படுத்தத் தக்கதன்று.

வினா: ஆந்தை இருந்தால் எலிக்காய்ச்சல் வராது என்கிறார்களே, மெய்யா?

விடை: எலி குறைந்தால் நோய் பரவும் வாய்ப்பும் குறையும். எனினும் அதனை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் ஐயத்துடன் பதிவாயினர். 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்திலும் இந்நோய் பரவி உயிரிழப்பு நேர்ந்தது. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரே நோய்க்கு வாயில். வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகித் தடுப்பு மருந்து பற்றிக் கேட்டறிக. காலிற் புண் இருப்பின் மூடிக்கட்டுக. காய்ச்சல் கண்டால் தாமதியாது வைத்தியசாலை செல்க.

வினா: வீட்டு வளவில் உள்ள மரத்தில் ஆந்தை வந்து தங்கினால் துரத்தலாமா?

விடை: துரத்த வேண்டியதில்லை. கூட்டில் குஞ்சுள்ள காலத்தில் மட்டும் மரத்தின்கீழ் பிள்ளைகள் கூச்சலிடாதும் மரத்தில் ஏறாதும் பார்த்துக்கொள்க.

முடிவுரை

நெல்லும் மரக்கறியும் விளைவிப்போர் குளத்தை நம்பி வாழ்கின்றனர். மீன் ஆந்தையும் அதே குளத்தை நம்பி வாழ்கின்றது. நமக்கு நீர் தரும் சோலை அதற்கு நிழல் தருகின்றது. நமது வரம்பைக் குடையும் நண்டு அதற்கு உணவாகின்றது. குளத்தின் மேற்கரையில் மருதமரங்கள் நிலைக்குமாயின், சிறுபோகத்துக்கு நீர் சிறிது நாள் கூடுதலாக நிற்கும். இரவில் அப்பறவையின் குரலும் கேட்கும். அக்குரலைக் கேட்கும் ஊரவர், குளத்தில் இன்னும் நீரும் மீனும் உண்டு, கரையில் இன்னும் மரம் உண்டு என்று மனம் நிறைவடைவாராக. வரும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், தத்தம் குளத்தின் மேற்சோலையில் எத்தனை பெருமரங்கள் எஞ்சியுள்ளன என்பதை எண்ணிப் பதிவேட்டில் எழுதிவைக்கும்படி ஒவ்வொரு கமக்காரர் அமைப்பையும் கேட்டுக்கொள்கின்றோம்.